திருப்பூரில் ஒரே ஒரு டி-ஷர்ட்!

திருப்பூரில் இருக்கும் ஒரு பெரிய பிரின்டிங் பட்டறைக்குப் போய், 'என் பையன் பேரைப் போட்டு ஒரே ஒரு டி-ஷர்ட் அடிச்சுக் கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். கோபப்பட மாட்டார்கள். ஆனால் சிரித்துவிடுவார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு ஸ்கிரீன் தயார் செய்ய வேண்டும். அதைச் சட்டத்தில் பூட்டி, கலர் கலக்கி, நான்கைந்து துணியில் போட்டுப் பார்த்து, கோணல் இல்லாமல் சரிசெய்ய வேண்டும். ஒரு சட்டைக்கும் இவ்வளவு வேலைதான், பத்தாயிரம் சட்டைக்கும் இவ்வளவு வேலைதான். அப்புறம் யார் ஒன்று செய்வார்கள்?

ஆனால் நம் வீட்டுக்குத் தேவைப்படுவதெல்லாம் ஒன்றும் ஐந்தும் பத்தும்தானே! குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு ஒன்று. தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு பேருக்கு ஏழு. தெரு கிரிக்கெட் டீமுக்குப் பதினொன்று, அதில் ஒவ்வொன்றிலும் வேறு பெயர், வேறு நம்பர்.

இந்தச் சில்லறைத் தேவைக்கென்றே வந்த பொருள்தான் ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைல். மெல்லிய கலர் பிலிம் அது. ஒரு பக்கம் சூடு பட்டால் இளகும் பசை, மறுபக்கம் கண்ணாடி போன்ற தாங்கு தாள். பிலிமில் எழுத்தை வெட்டி, வேண்டாததை உரித்தெடுத்து, மிச்சத்தைத் துணியில் வைத்துச் சூட்டோடு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மை கிடையாது, ஸ்கிரீன் கிடையாது, கழுவித் தொலைக்க வேண்டிய சாயம் கிடையாது. ஒரே ஒரு சட்டை என்றாலும் செய்யலாம்.

வீட்டில் இதை ஆரம்பிக்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சட்டையில் இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அதற்குத் திருப்பூரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

காதர்பேட்டையில் துணி படிப்பது

திருப்பூர் ரயில் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரம்தான் காதர்பேட்டை. பனியன் மார்க்கெட். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, ஆர்டர் ரத்தானவை, சின்னக் குறைக்காகத் தள்ளப்பட்ட செகண்ட்ஸ், உள்ளூர் விற்பனைக்கென்றே தைத்தவை என்று எல்லாம் ஒரே தெருவில் குவிந்து கிடக்கும். சிலவற்றில் கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் வெளியே தெரியக் கூடாதே!

நான் போனது ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டத்தில் நீந்த வேண்டியிருக்கும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். மறுநாள் ஊரே கடைவீதியில் நிற்கும்.

'எத்தனை பண்டல்?' என்பதுதான் பல கடைகளில் முதல் கேள்வி. மூட்டையாக எடுக்கிறவர்களுக்கு ஒரு விலை, நம்மைப் போல நாலு பீஸ் கேட்கிறவர்களுக்கு ஒரு விலை. சில்லறைக்கென்றே இருக்கும் கடைகளும் உண்டு, அங்கே பொறுமையாகப் பார்க்க விடுவார்கள். அப்படி ஒரு கடையில் நின்றபோது வயதான கடைக்காரர் ஒருவர் எனக்குத் துணி படிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் சட்டையைக் கையில் வாங்கியதும் விலையைக் கேட்காமல் 'எத்தனை ஜி.எஸ்.எம்.?' என்று கேட்கச் சொன்னார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்தக் கணக்கு. 140, 150 என்றால் மெல்லிசு. கோடைக்குச் சுகம், ஆனால் வினைல் ஒட்டினால் துணி எடை தாங்காமல் அந்த இடம் மட்டும் அட்டை போல நிற்கும். 180 பக்கம் இருந்தால் படம் பாந்தமாக உட்காரும்.

அடுத்து சட்டையை மேஜையில் விரித்துப் பக்கத் தையலைக் காட்டினார். அக்குளில் ஆரம்பிக்கும் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். சில சட்டைகளில் அது மெதுவாக வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டே வரும். பின்னல் துணியின் முறுக்கு அது. "இதுல நீங்க எவ்ளோ நேரா ஒட்டினாலும், ரெண்டு தடவ தொவச்சா கோணலாத்தான் தெரியுமுங்க. ஒட்டினவங்களத்தான் குத்தம் சொல்லுவாங்க" என்றார்.

மூன்றாவது, சுருக்கம். பருத்திப் பின்னல் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும், வினைல் சுருங்காது. முதல் சலவையிலேயே எழுத்தைச் சுற்றித் துணி கொசகொசவென்று சுருங்கி நிற்பது இதனால்தான். திருப்பூரில் நல்ல துணிகளைக் காம்பாக்டிங் மெஷினில் விட்டு முன்கூட்டியே சுருக்கி அனுப்புகிறார்கள். மலிவு விலைத் துணிக்கு அந்த மரியாதை நடந்திருக்காது. சந்தேகமாக இருந்தால், ஒட்டுவதற்கு முன்பே வீட்டில் ஒருமுறை அலசிக் காயவைத்து விடுவது நல்லது. கம்ஃபர்ட் மாதிரி மென்மையூட்டிகளை மட்டும் அந்தத் தண்ணீரில் கலக்காதீர்கள். அது துணிமேல் வழவழவென்று ஒரு படலம் விடும், பசை பிடிக்காது.

பாலியெஸ்டர் ஜெர்சி வாங்குவதானால் இன்னொரு எச்சரிக்கை. அதிகச் சூட்டில் பாலியெஸ்டரின் சாயம் ஆவியாகி மேலே ஏறும். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை நம்பர் ஒட்டினால், சில நாளில் அது ரோஸ் கலர் ஆகிவிடும். அதற்கென்று குறைந்த சூட்டில் ஒட்டும் பிலிமும், சாயத்தைத் தடுக்கும் பிலிமும் தனியாக விற்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் சில மாதம் நூறு சதவீதப் பருத்தியோடு நிறுத்திக்கொள்வதே நிம்மதி.

நான் கறுப்பில் மூன்றும் வெள்ளையில் இரண்டும் எடுத்தேன். கறுப்புத் துணியைக் கையில் எடுத்தால் இந்த ஊரில் நொய்யல் நினைவுக்கு வராமல் இருக்காது. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைவரை தண்ணீர் கெட்டு, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் நடத்தலாம் என்று ஆனது. ஒரு கறுப்புச் சட்டைக்குள் எவ்வளவோ தண்ணீர்க் கதை இருக்கிறது.

பெயர் வெட்டும் ஊர்

அவினாசி ரோட்டில் டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் அனுப்பர்பாளையம். பனியனுக்குத் திருப்பூர் என்றால் பாத்திரத்துக்கு இந்த ஊர். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைகளில் தட்டும் ஓசை தெருவுக்குக் கேட்கும்.

நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டே! குடம் வாங்கினாலும் டிபன் பாக்ஸ் வாங்கினாலும் கேட்பார்கள், 'பேர் வெட்டணுமா?' சின்ன மெஷினைக் கையில் பிடித்து டுர்ரென்று புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் எழுதித் தருவார்கள். ஆயிரம் குடம் ஒரே அச்சில் வந்தாலும், பெயர் வெட்டியதும் அது நம் குடம். அம்மா வீட்டுச் சீர், மாமன் வைத்த மொய் எல்லாம் அந்தப் புள்ளி எழுத்தில்தான் ஞாபகம் இருக்கும். வினைல் டி-ஷர்ட் என்பது எனக்கு அந்த வேலையின் தம்பியாகத்தான் தெரிகிறது.

நான் தேடிப்போன வீடும் அங்கேதான், ஒரு சந்துக்குள். முன் அறையில் ஒரு மேஜை, அதன்மேல் பிரின்டர் அளவில் ஒரு கட்டர். பக்கத்தில் தோசைக்கல்லை மூடி போட்டு நிறுத்திய மாதிரி ஹீட் பிரஸ். சுவரில் ஆணியில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு வேலை பின்னால் வருகிறது.

வீட்டுக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பதினாலு வருஷம் பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தேனுங்க்கா. ஓட்டை இருக்கா, நூல் தொங்குதா, கறை இருக்கானு பாக்கறது. கண்ணு போச்சு, இடுப்பு போச்சு. ஒண்ணரை ஷிப்ட் நின்னுட்டே பாக்கோணும். ஒரு நாள் சொன்னாங்க, இனி ஆள் குறைக்கறோம்னு."

கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டரும் பிரஸ்ஸும் வாங்கினார். இரண்டு வருடம் ஆகிறது. சங்கிலி இன்னும் பேங்க்கில்தான் இருக்கிறது. "பாதி கட்டிட்டேனுங்க. மக காலேஜ் சேர்றதுக்குள்ள திருப்பிடோணும்."

அதனால் அவர் சொல்லும் ஒவ்வொரு யோசனையும் காசைச் சுற்றியே இருந்தது. அதுதான் எனக்கும் பிடித்தது.

முதல் யோசனை: எடுத்தவுடன் மெஷின் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் அயர்ன் பாக்ஸே ஆரம்பத்துக்குப் போதும். வெட்டுவதற்கு, பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் கட்டிங் பிளாட்டர் இருக்கும். வினைலை நாம் வாங்கிக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். 'கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு வெட்டுங்க, தாங்கு தாள் அறுபடக் கூடாது' என்ற இரண்டை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்து சட்டை அப்படிச் செய்து, நாலு பேர் காசு கொடுத்து வாங்கிய பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். சின்னக் கட்டர், சின்ன பிரஸ் இரண்டும் சேர்த்தால் சுமார் அரை லட்சம் ஆகிவிடும் என்பதால் இந்தப் பொறுமை அவசியம்.

அயர்ன் பாக்ஸில் செய்யும்போது ஸ்டீமை அணைத்துவிட வேண்டும். மெத்தை விரித்த அயர்ன் மேஜை உதவாது; கெட்டியான மரப் பலகைமேல் ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம். காட்டன் சூட்டில் வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, தேய்க்காமல் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். 15 விநாடி, பிறகு தூக்கிப் பக்கத்து இடத்தில் 15 விநாடி. நாம் சட்டை தேய்ப்பது போல இழுத்தால் எழுத்து நகர்ந்துவிடும். ஸ்டீம் வரும் ஓட்டைகள் இருக்கும் இடத்தில் சூடு குறைவு என்பதால், இடத்தை மாற்றி மாற்றி இரண்டு தடவை அழுத்துவது நல்லது.

பிரஸ் வாங்கினால் வேலை சுலபம். ஆனால் அது 1,800, 2,000 வாட் இழுக்கும். பவர் பிளக்கில்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது. மின் இணைப்பு வீட்டுக் கணக்கா வியாபாரக் கணக்கா என்பதையும் ஆரம்பத்திலேயே மின்வாரிய ஆபீஸில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

எது களை, எது பயிர்

வேலையைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்துத் தெருக் கபடி டீமுக்குப் பெயர் போடும் ஆர்டர் அது.

கம்ப்யூட்டரில் பெயரைத் தமிழில் அடித்து, அளவு பார்த்து, எழுத்தை வெறும் கோடாக மாற்றினார். இதைச் செய்யாமல் ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடுமாம். பிறகு ஒரு பட்டனைத் தட்டினார். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. வினைலின் பசைப் பக்கம் மேலே இருக்க, பளபளப்பான தாங்கு தாள் கீழே இருக்க வெட்டுவதால், கடைசியில் அதைக் கவிழ்த்துத்தான் துணியில் வைக்கிறோம். அதற்காகவே இந்தத் தலைகீழ் ஏற்பாடு. மறந்துபோய் வெட்டிவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான்.

முதலில் மூலையில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி, ஊசியால் தூக்கிப் பார்த்தார். பிலிம் மட்டும் சுத்தமாக வந்தது, தாளில் கீறல்தான் இருந்தது. கத்தியின் ஆழம் சரி. "இந்தச் சதுரம் போடாம நான் வேலைய ஆரம்பிக்கறதே இல்லீங்க. அஞ்சு விநாடி சோம்பேறித்தனம், ஒரு மீட்டர் வினைல் போயிரும்."

கட்டர் வெட்டி முடித்ததும் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை, வெறும் சிவப்புத் தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கோடுகள் தெரிந்தன. மூலையைக் கிள்ளி உரிக்க ஆரம்பித்தார். எழுத்தைச் சுற்றியிருந்த பிலிம் ஒரே தோலாக உரிந்து வந்தது. பிறகு ஊக்குப் போன்ற கொக்கியால் எழுத்துகளின் வயிற்றில் இருக்கும் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் குத்தியெடுத்தார்.

"இதுக்கு இங்கிலீஷ்ல வீடிங்னு பேருங்க. எங்கம்மாகிட்டச் சொன்னேன். 'களையெடுக்கறதுதான? அதை நானே சொல்லித் தந்திருப்பனே'ன்னாங்க. வெங்காயக் காட்டுல களையெடுத்தவங்க அவங்க."

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. புள்ளி! கார்த்திக் என்று எழுதினால் மூன்று புள்ளி. எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் துக்கடா அது. சுற்றியிருக்கும் தோலை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். 'க்' என்பது 'க' ஆகிவிட்டால் பையன் பெயரே மாறிவிடும். அவர் புள்ளிக்குப் பக்கத்தில் வரும்போது உரிப்பதை நிறுத்தி, விரல் நுனியால் புள்ளியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தாண்டினார். புள்ளி 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும் பட்டையான எழுத்துருவைத்தான் தேர்ந்தெடுப்பாராம். நெளிந்து குழையும் அழகு எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் லாயக்கு.

அப்புறம் பிரஸ். 155 டிகிரி செல்சியஸ். முதலில் சட்டையை மட்டும் வைத்து 4 விநாடி அழுத்தினார். துணியின் ஈரம் போகவும், சுருக்கம் நீங்கவும். கழுத்துப் பட்டைக்குக் கீழே நான்கு விரல் விட்டு, சட்டையை நீளவாட்டில் மடித்த கோட்டைப் பார்த்து நடுவில் பெயரை வைத்தார். 12 விநாடி. மூடியைத் தூக்கி, தாங்கு தாளை ஓரத்தில் லேசாக உரித்துப் பார்த்தார். எழுத்தின் ஓரம் கூடவே எழுந்தால் மறுபடி அழுத்த வேண்டும். எழவில்லை. தாள் வந்தது, பெயர் நின்றது. பட்டர் பேப்பர் போட்டு இன்னும் 5 விநாடி.

எல்லா பிலிமுக்கும் இதே கணக்கு கிடையாது. சிலது சூட்டோடு உரிக்க வேண்டியது, சிலது ஆறிய பிறகு. 150-160 டிகிரி, 10-15 விநாடி என்பது பெரும்பாலான சாதா வினைலுக்குச் சரிவரும். ரோல் வாங்கும்போதே அதன் கணக்கைக் கேட்டு, ரோலின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்துவிடுவது அவர் பழக்கம்.

வாங்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: பி.யூ.வா, பி.வி.சி.யா? பி.யூ. மெல்லிசு, துணியோடு வளையும், விலை கூட. பி.வி.சி. தடிமன், மலிவு. குழந்தைகள் சட்டைக்குப் பி.யூ.தான் நல்லது. வெளிநாட்டு நிறுவனங்கள் பல, சட்டையில் பி.வி.சி. பிரின்டே கூடாது என்று திருப்பூருக்கு நிபந்தனை போடுகின்றன. அவர்கள் குழந்தைக்கு ஆகாதது நம் குழந்தைக்கு மட்டும் ஏன்?

டிசைன் விஷயத்தில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. மார்பு முழுக்கச் சதுரமாக வினைல் ஒட்டாதீர்கள். அதன் வழியாகக் காற்று போகாது. மே மாத வெயிலில் நெஞ்சில் பிளாஸ்டிக் பலகை கட்டிக்கொண்டது போல இருக்கும். எழுத்து, கோட்டோவியம், இடைவெளி விட்ட உருவம் இவைதான் வினைலுக்கு அழகு. போட்டோவும் பல வண்ணப் படமும் இதில் வராது. அதற்கு டி.டி.எஃப். என்று பிலிமில் பிரின்ட் எடுத்து ஒட்டும் முறை இப்போது திருப்பூரில் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. வெளியே கொடுத்துப் பிரின்ட் எடுத்து, நம் பிரஸ்ஸிலேயே ஒட்டிக்கொள்ளலாம். நடிகர் படம், ஐ.பி.எல். டீம் சின்னம் இதையெல்லாம் போட்டு விற்க ஆசை வரும். உரிமை வேறு ஒருவருடையது. வக்கீல் நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

கணக்கு எப்படி? ரோலின் அகலம் பெரும்பாலும் 50 சென்டிமீட்டர். 25-க்கு 25 சென்டிமீட்டர் டிசைன் என்றால் ஒரு மீட்டரில் எட்டு. பெயர் மட்டும் என்றால் நெருக்கி அடுக்கி இன்னும் நிறைய எடுக்கலாம். சட்டை விலை, வினைல் விலை, கரன்ட் எல்லாம் எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். விட்டுப்போவது களையெடுக்கும் நேரம். "ஒரு சட்டைக்கு இருவது நிமிசம் ஆச்சுன்னா, அந்த இருவது நிமிசத்துக்குக் கம்பெனில எனக்கு என்ன கூலியோ அதையாவது சேத்தோணுமுங்க. முதல்ல நான் சேக்கல. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து, கடைசில கம்பெனிச் சம்பளத்தவிடக் கம்மியா வந்துச்சு." சிக்கலான டிசைனுக்கு இப்போது அவர் தயங்காமல் அதிக விலை சொல்கிறார். எட்டு பேரில் இரண்டு பேர் திரும்பிப் போய்விடுகிறார்களாம். போகட்டும் என்கிறார்.

கண்ணாடிக்கு வந்த வேலை

கிளம்பலாம் என்று எழுந்தபோது வாசலில் ஒரு இளைஞர். இருபத்தைந்து வயதிருக்கும். ஒடிசாக்காரர், பக்கத்துப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "அக்கா" என்று கூப்பிட்டார். திருப்பூருக்கு வரும் வட மாநிலத்துப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று.

கையில் ஒரு சின்ன வெள்ளை டி-ஷர்ட், இரண்டு வயதுக் குழந்தை அளவு. மறுநாள் ராத்திரி ஊருக்கு ரயில். மகளை அவர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் பெயரைப் போட வேண்டும், ஒடியா எழுத்தில்.

ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைக்குத் தையல் ஓட்டுகிற கை அது. அத்தனையிலும் ஏதோ ஒரு நாட்டுப் பெயர் இருக்கும்.

நம்மவருக்கு ஒடியா தெரியாது. 'முடியாது' என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு தம்பி. போன்ல அடிச்சு அனுப்பு" என்றார். வந்த பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒடியா எழுத்துரு தேடி இறக்கினார். இப்போது வட்ட வட்டமாக மூன்று எழுத்துகள். தம்பி திரையைத் தொட்டு, தலையாட்டினார். சரி.

திருப்பும் பட்டனைத் தட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, உல்டா! உல்டா!"

தமிழாக இருந்தால் சரியா தலைகீழா என்று அந்த அக்காவுக்கே தெரியும். தெரியாத எழுத்தில் எதை நம்புவது? சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றித் திரைக்கு எதிரே பிடித்தார். அதற்குள் பெயர் நேராகத் தெரிந்தது. தம்பி கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். சின்னப் பெயர். பிறகு சிரித்தார். "இந்தி, ஒடியா, பெங்காலி எது வந்தாலும் இந்தக் கண்ணாடிதானுங்க எனக்கு. அவங்களே படிச்சுச் சொன்னாத்தான் வெட்டுவேன்" என்றார் என்னிடம்.

ரோஸ் கலர் பி.யூ. வினைல். சதுரம் வெட்டிப் பார்த்தாயிற்று, பெயரும் வெட்டியாயிற்று. உரிக்கும்போது மறுபடி நின்றுவிட்டார். அந்த வட்ட எழுத்துகளுக்குள்ளே எந்தத் துணுக்கு எழுத்து, எந்தத் துணுக்கு எடுக்க வேண்டியது? கொக்கியைத் தம்பி கையில் கொடுத்தார்.

"நீயே எடு. எது களை, எது பயிர்னு உனக்குத்தான தெரியும்."

தையல் மெஷின் பழகிய விரல்கள். கொஞ்சமும் நடுங்காமல் ஒவ்வொரு துணுக்காகக் குத்தி எடுத்து, மேஜை ஓரத்தில் ஒட்டிவைத்தார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அதுவரை யாரும் பேசவில்லை, பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம் மட்டும்.

குழந்தைச் சட்டை என்பதால் கழுத்தில் இருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டார். 12 விநாடி. தாளை உரித்து, பட்டர் பேப்பர் போட்டு மறுபடி ஒரு அழுத்து. தம்பி சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம் திருப்பித் தையலையும் ஒருமுறை பார்த்தார். தொழில் புத்தி!

காசு வாங்கிக்கொண்டே அந்த அக்கா பாடம் எடுத்தார், பாதி தமிழிலும் பாதி சைகையிலுமாக. துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பணும். வெந்நீர் கூடாது, பிளீச் கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது. எழுத்துமேல் அயர்ன் வைக்கக் கூடாது. முக்கியமாக, இருபத்துநாலு மணி நேரத்துக்குத் தண்ணியே படக் கூடாது, பசை நன்றாகப் பிடிக்க வேண்டும்.

"இருபத்துநாலு மணி. தண்ணி நஹி. புரியுதா?"

தம்பி இரண்டு விரலைக் காட்டினார். "தோ ராத் டிரெயின், அக்கா. தண்ணி நஹி." சட்டையை நான்காக மடித்து, பெயர் மேலே தெரிகிற மாதிரி பைக்குள் வைத்துக்கொண்டு சந்தில் இறங்கினார்.